செத்த சொல்லும் செய்த சொல்லும்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களை இரண்டு ஆசைகள் விடாமல் பிடித்து ஆட்டுகின்றன. இதுவரை யாரும் சொல்லாத ஒரு சொல்லைச் செய்து ஊர் வாயில் போட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. முந்தைய தலைமுறைகள் பேசி மறந்துவிட்ட சொல்லைத் தேடியெடுத்து மறுபடி நடமாட விட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஆசையின் விளைச்சலை ஸ்லாங் என்கிறோம். அது தெருவில் பிறக்கிறது. இரண்டாவது நூலகத்தில் பிறக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மனக்குறை: கையிலிருக்கும் சொல் போதவில்லை.

இந்த இரண்டு முயற்சிகளும் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக நடந்து வருவதால், எது பிழைத்தது, எது போனது என்று கணக்குப் பார்க்கப் போதுமான சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. செய்தவரின் திறமையோ மீட்டவரின் புலமையோ சொல்லின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை என்பதுதான் அந்தக் கணக்கு சொல்லும் முடிவு. செய்தவர் நினைத்த பொருளை விட்டு விலகி, அவர் கைக்கு அடங்காமல் போன சொற்களே பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

மைக்கொம்புச் சண்டை

16ஆம் நூற்றாண்டில் லத்தீன், கிரேக்க நூல்கள் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த மொழிகளின் சொற்களும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எதிர்த்தவர்கள் அவற்றுக்கு 'இங்க்ஹார்ன்' சொற்கள் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் மையை மாட்டுக் கொம்பில் ஊற்றி வைப்பார்கள். மையை வீணாக்கும் நீளச் சொற்கள் என்பது ஏளனம். தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொல்லணி நூலில் இப்படிப்பட்ட சொற்களை அடுக்கி ஒரு கேலிக் கடிதமே எழுதிக் காட்டினார். அந்தக் கடிதத்தை இன்று படித்தால் கேலி பாதிதான் புரியும். அதில் வரும் 'செலிப்ரேட்', 'கபாசிட்டி', 'ஃபெர்டைல்' எல்லாம் இப்போது பள்ளிப் பிள்ளைகளின் சொற்கள். 'இன்ஜென்ட்', 'அடெப்டெட்' போன்றவை சுவடில்லாமல் போய்விட்டன. எது நிற்கும், எது உதிரும் என்று வில்சனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு எல்லாமே ஒரே மாதிரி அபத்தம்.

கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக், கேலியோடு நிற்காமல் மாற்று ஒன்றைச் செய்து பார்த்தார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு படைவீரர்களுக்குத் தலைவனான 'சென்ச்சூரியன்' அவரிடம் 'ஹண்ட்ரடர்' ஆனான். சித்தம் கலங்கியவனைக் குறிக்கும் 'லூனாட்டிக்' என்பதை 'மூன்ட்' என்றும், உயிர்த்தெழுதலைக் 'கெயின்ரைசிங்' என்றும் எழுதினார். ஆங்கிலம் பிறமொழிக் கலப்பில்லாமல் 'ப்யூர்' ஆக இருக்க வேண்டும் என்று 1557இல் கடிதமும் எழுதினார். அந்த 'ப்யூர்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ரால்ஃப் லீவர் 1573இல் தர்க்க நூல் ஒன்றை இதே பாணியில் எழுதினார். தர்க்கக் கலைக்கு 'விட்கிராஃப்ட்', வரையறைக்கு 'சேவாட்', முடிவுரைக்கு 'எண்ட்சே' என்று பெயரிட்டார். சொற்கள் எல்லாம் எளிமையானவை, யாருக்கும் புரிபவை. ஆனாலும் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஏற்கெனவே பெயர் இருந்த பொருள்களுக்கு இன்னொரு பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிழையில் பிறந்த பழமை

புதுச்சொல் செய்யாமல் பழஞ்சொல்லை மீட்டவர்களில் முதல் பெரிய பெயர் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர். 1579இல் அவர் வெளியிட்ட 'தி ஷெப்பர்ட்ஸ் காலெண்டர்' அப்போதே உரை இல்லாமல் புரியாத பழஞ்சொற்களோடு வந்தது. ஈ.கே. என்ற முதலெழுத்துகளுக்குள் மறைந்திருந்த ஒருவர் கூடவே சொற்பொருள் எழுதினார். நூல் காணிக்கையாக்கப்பட்ட பிலிப் சிட்னியே அதன் பழைய நாட்டுப்புற நடையை ஏற்கவில்லை. ஸ்பென்சர் எழுதியது எந்த மொழியுமே இல்லை என்ற கருத்தில் நாடக ஆசிரியர் பென் ஜான்சன் பின்னால் குத்தினார்.

அந்த நூலிலிருந்து வந்த ஒரு சொல்லை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சாகச வீரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் 'டெரிங்-டூ' என்கிறார்கள். 1380களில் கவிஞர் சாசர் தம் காவிய நாயகன் ட்ராய்லஸைப் புகழும்போது, வீரனுக்கு உரியதைச் செய்யத் துணிவதில் அவன் யாருக்கும் சளைத்தவனில்லை என்று சொல்ல வந்தார். 'துணிதல்', 'செய்தல்' என்ற இரண்டு வினைகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன, அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டில் கவிஞர் லிட்கேட் அந்தத் தொடரைப் பின்பற்றி எழுதினார். அவருடைய நூலை அச்சிட்டவர்கள் எழுத்தை மாற்றிக் கோத்துவிட்டார்கள். பிழையான அச்சைப் படித்த ஸ்பென்சர் அதை ஒரே பெயர்ச்சொல் என்று எடுத்துக்கொள்ள, ஈ.கே. 'ஆண்மை, வீரம்' என்று பொருள் எழுதி முத்திரை குத்திவிட்டார். 1819இல் வால்டர் ஸ்காட் அதை 'ஐவன்ஹோ' நாவலில் எடுத்தாண்டதும் சொல் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆக, பழங்காலத்தில் அப்படி ஒரு சொல்லே இருந்ததில்லை. இல்லாத ஒன்றை மீட்டெடுத்தார்கள். அது பிழைத்தும் கொண்டது.

இதற்கு நேரெதிர் தாமஸ் சாட்டர்டன். பிரிஸ்டல் நகரத்துச் சிறுவன். 1770இல் 17 வயதில் இறந்துபோனான். 15ஆம் நூற்றாண்டுத் துறவி ரௌலி எழுதியவை என்று சொல்லி அவன் புனைந்த கவிதைகள் அறிஞர்களையே ஏமாற்றின. நூறாண்டு கழித்து, 1871இல், மொழியறிஞர் வால்டர் ஸ்கீட் அவற்றைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். பழஞ்சொற்கள் பெரும்பாலும் கெர்சி, பெய்லி ஆகியோரின் அகராதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அகராதிகளில் இருந்த தவறுகளும் அப்படியே கவிதைக்குள் ஏறியிருந்தன. ரொமாண்டிக் கவிஞர்கள் சாட்டர்டனைக் கொண்டாடினார்கள். அவனுடைய சொற்களை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்காட் ஏன் வென்றார்? கதை விற்றது ஒரு காரணம். அவர் கொண்டுவந்த சொற்கள் தம் பழைய வேலையைக் கட்டிக்கொண்டு அழவில்லை என்பது இன்னொன்று. 'ரெய்டு' பழைய ஆங்கிலத்தில் குதிரைச் சவாரியைக் குறித்த சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். எல்லைப்புறக் கொள்ளைக்காரர்களின் திடீர்த் தாக்குதல் என்ற பொருளில் ஸ்காட் அதைப் பரப்பினார். 'கிளாமர்' அவர் எழுதிய காலத்தில் கண்கட்டு மந்திரம். 'ஃப்ரீ லான்ஸ்' கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரன். இன்று வருமான வரித் துறையின் ரெய்டும் நடிகையின் கிளாமரும் தமிழ் நாளிதழ்களின் அன்றாடச் சொற்கள். கூலிக்கு எழுதும் ஃப்ரீலான்ஸ் நிருபர்தான் பல நேரம் அந்தச் செய்தியையும் எழுதுகிறார். ஸ்காட் மீட்ட எல்லாமும் தேறிவிடவில்லை. கோழையைக் குறிக்கும் 'நிட்டரிங்', 1596இல் அச்சான ஒரு நூலில் 'நீதிங்' என்ற பழஞ்சொல் உருக்குலைந்து உண்டானது. அதையும் அவர் கையாண்டார். 2008இல் காலின்ஸ் அகராதி, நீக்கிவிடலாமா என்று கேட்டுப் பொதுமக்கள் முன் வைத்த 24 சொற்களின் பட்டியலில் அது இருந்தது. பொருள் மாறாமல், இலக்கியத்துக்குள்ளேயே கிடந்த சொல் அது.

மண்ணின் சொல்லுக்காக ஒரு கவிஞர்

19ஆம் நூற்றாண்டில் சீக்கின் கனவை மறுபடி கையிலெடுத்தவர் டார்செட் வட்டாரக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ். 1878இல் அவர் எழுதிய இலக்கண நூலில் இலக்கணம் 'ஸ்பீச்கிராஃப்ட்' ஆகிறது. தொடுவானம் 'ஸ்கை-சில்', அதாவது வானத்தின் வாசற்படி. குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியான 'பெராம்புலேட்டர்' அவர் கையில் 'புஷ்-வெய்ன்லிங்'. இதை வெறும் மொழி வெறி என்று ஒதுக்கிவிட முடியாது. லத்தீன் படிக்காத உழவனும் தச்சனும் சொல்லைக் கேட்டதுமே பொருள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த உழவன்தான் அவரைக் கைவிட்டான். பெராம்புலேட்டரை அவன் லத்தீன் என்று அஞ்சவும் இல்லை, 'புஷ்-வெய்ன்லிங்' என்று மாற்றவும் இல்லை. வாயில் நுழைகிற அளவுக்கு நறுக்கி 'ப்ராம்' என்றான்.

இங்கேதான் முதல் விதிவிலக்கும் வருகிறது. 1846 ஆகஸ்டில் 'அதீனியம்' இதழுக்கு வில்லியம் தாம்ஸ் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினார். மக்களின் பழமொழிகள், சடங்குகள், நம்பிக்கைகள், கதைப்பாடல்கள் ஆகியவற்றுக்குச் சரியான பெயர் இல்லை. நல்ல சாக்சன் கூட்டுச்சொல்லாக 'ஃபோக்லோர்' இருக்கட்டும் என்றார். நினைத்த பொருளிலேயே அது நிலைத்தது, வேறு மொழிகளுக்கும் போனது. சீக்கும் பார்ன்ஸும் செய்த அதே வகைக் கூட்டுச்சொல்தான் இதுவும். அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஒரு துறைக்கு இது பெயர் கொடுத்தது. வேறொரு சொல்லைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார வேண்டிய வேலை இதற்கு அதிகம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

பழஞ்சொல் பக்கம் திரும்பினால், கவிஞர் வில்லியம் மாரிஸ் ஐஸ்லாந்துக் கதைகளையும் 'பேவுல்ஃப்' காவியத்தையும் பழஞ்சொல் அடுக்கி மொழிபெயர்த்தார். அவருடைய 'ஒடிஸி' மொழிபெயர்ப்பைக் குறித்து 1888இல் எழுதிய ஆர்ச்சிபால்ட் பாலன்டைன் அந்த நடைக்கு 'வார்டர் தெரு ஆங்கிலம்' என்று பெயர் வைத்தார். லண்டனின் வார்டர் தெரு அப்போது பழைய மரச்சாமான்களுக்கும், பழையது போலச் செய்த போலிகளுக்கும் பேர்போனது. 1926இல் ஃபௌலரின் மொழிப் பயன்பாட்டு அகராதி அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன்பின் இலக்கியத்தில் பழஞ்சொல் போடுகிறவர்கள் இந்த வசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது.

ஒளித்துப் பேசியவர்கள்

தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று ஒரு வகையைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவது அது. ஆங்கில ஸ்லாங்கின் வேர் பெரிதும் அதில்தான் இருக்கிறது. 1560களில் தாமஸ் ஹார்மன் நாடோடிகள், திருடர்கள் பேச்சைச் சேகரித்து வெளியிட்ட நூலே அந்த வகையில் தொடக்ககாலப் பட்டியல்களில் ஒன்று. ஏமாறாமல் இருக்க ஊராரை எச்சரிப்பது அவர் நோக்கம். அவர் பட்டியலில் இருந்த குடிக்கான 'பூஸ்', துணிக்கான 'டட்ஸ்' இரண்டும் இன்றைக்கும் புழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகள் சொற்களைத் தலைகீழாக உச்சரித்தார்கள்; போலீசுக்கும் வாங்க வந்தவருக்கும் புரியக் கூடாது. பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ 1851இல் அதைப் பதிவு செய்தார். 'பாய்' என்பதைத் திருப்பிய 'யாப்' மட்டும் முரட்டு இளைஞன் என்ற பொருளில் பிரிட்டனில் நிலைத்துவிட்டது. சிறுவன் என்ற பழைய பொருள் போய்விட்டது.

ஒரு குழூஉக்குறி எப்படி முடிகிறது என்பதற்கு 'பொலாரி' நல்ல சான்று. தன்பாலினச் சேர்க்கை பிரிட்டனில் குற்றமாக இருந்த காலத்தில், ஓரினச்சேர்க்கை ஆண்கள் இத்தாலியம், நாடகக்காரர் பேச்சு, மாலுமிப் பேச்சு, தலைகீழ்ச் சொற்கள் எல்லாம் கலந்த இந்த மொழியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். 'வாடா' என்றால் பார். 'ரையா' என்றால் தலைமுடி, 'ஹேர்' என்பதன் தலைகீழ். 1965 முதல் 1968 வரை பிபிசி வானொலியின் 'ரவுண்ட் தி ஹார்ன்' நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரண்டு பாத்திரங்கள் இதைப் பேசி நாட்டையே சிரிக்க வைத்தன. 1967இல் இங்கிலாந்தில் சட்டமும் தளர்ந்தது. ஒளித்துப் பேசும் தேவையும் குறைந்தது, ஒளிவும் போய்விட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொலாரி மங்கிப்போனது.

கூட்டத்தின் சொல்லை வெளியுலகம் எடுத்துக்கொள்ளும்போது யாருக்கு இழப்பு என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க ஸ்லாங்கின் பெரும்பங்கு கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது. இசைக்கலைஞர் கேப் காலோவே 1938இல் ஹார்லெம் ஜாஸ் வட்டாரச் சொற்களுக்குச் சிறு அகராதியே வெளியிட்டார். அதே 1938இல் பாடகர் லெட்பெல்லி ஓர் இசைப்பதிவின் முடிவில், அலபாமா வழியே போகும் கறுப்பினத்தவர்கள் 'வோக்' ஆக, விழிப்பாக, இருக்க வேண்டும் என்று எச்சரித்துப் பேசினார். 1962இல் எழுத்தாளர் வில்லியம் மெல்வின் கெல்லி நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் இந்தப் பேச்சைப் பற்றி எழுதும்போது, வெள்ளையர் எடுத்துக்கொண்ட சொற்களைக் கறுப்பினத்தவர்கள் கைவிட்டு வேறு செய்துகொள்வதைக் குறிப்பிட்டார். உயிர் காக்கும் எச்சரிக்கையாகப் பேசப்பட்ட சொல் இன்று எதிர்த்தரப்பு அரசியல்வாதிகள் வசையாக எறியும் கல். சொல் வென்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. அதைப் பேசியவர்கள் வென்றார்கள் என்று சொல்ல முடியாது.

மேசையில் செய்த ஸ்லாங்

தெருவில் பிறக்காமல் எழுத்தாளர் மேசையில் பிறந்த ஸ்லாங்கும் உண்டு. ஆன்டனி பர்ஜெஸ் 1962இல் வெளியிட்ட 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் ரவுடிப் பையன்கள் 'நாட்சாட்' பேசுகிறார்கள். அன்றைய இளைஞர் பேச்சைப் போட்டால் புத்தகம் சீக்கிரமே பழசாகிவிடும் என்று பயந்த பர்ஜெஸ், ரஷ்யச் சொற்களை ஆங்கிலமாக்கினார். நண்பன் 'ட்ரூக்'. நன்று என்று பொருள்படும் 'ஹரஷோ', ஆங்கிலக் காதில் விழுந்து 'ஹாரர்ஷோ' ஆனது. வன்முறையில் திளைக்கும் பையனுக்கு நல்லதெல்லாம் பயங்கரக் காட்சி! அமெரிக்கப் பதிப்பில் பின்னிணைப்பாகச் சொற்பட்டியல் வந்ததை அவர் விரும்பவில்லை. படித்துக்கொண்டே போகும்போது வாசகர் தம்மையறியாமல் மொழியைக் கற்றுவிட வேண்டும் என்பதே அவர் திட்டம். நாட்சாட் வெளியுலகப் பேச்சாகவில்லை. ஆகவும் தேவையில்லை. நாவலுக்குள் அது அறுபது ஆண்டுகளாகப் பழசாகாமல் இருக்கிறது.

இன்னொரு பர்ஜெஸ், அமெரிக்க நகைச்சுவையாளர் ஜெலெட் பர்ஜெஸ், 1907இல் தம் நூலின் மேலுறையில் 'மிஸ் பெலிண்டா பிளர்ப்' என்ற கற்பனைப் பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் வாயால் நூலை வானளாவப் புகழ வைத்தார். புத்தக அட்டைப் புகழுரைக்குப் 'பிளர்ப்' என்ற பெயர் அன்று பிறந்தது. உற்சாகமடைந்தவர் 1914இல் தாமே செய்த நூறு சொற்களை ஓர் அகராதியாகவே வெளியிட்டார். அந்த நூறில் பிளர்ப் அளவுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

1992 நவம்பரில் நடந்தது வேடிக்கை. சியாட்டில் நகரத்து கிரஞ்ச் இசை உலகெங்கும் பரவியிருந்த நேரம். அந்த இளைஞர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய நியூயார்க் டைம்ஸ் தொலைபேசியில் கேட்டது. சப் பாப் இசை நிறுவனத்தில் முன்பு வரவேற்பாளராக இருந்த மேகன் ஜாஸ்பர் அந்த இடத்திலேயே சொற்களைப் புனைந்து கொடுத்தார். சும்மா பொழுதைக் கழிப்பது 'ஸ்விங்கிங் ஆன் தி ஃப்ளிப்பிட்டி-ஃப்ளாப்', கிழிந்த பழைய ஜீன்ஸ் 'வாக் ஸ்லாக்ஸ்', உதவாக்கரை 'லேம்ஸ்டெய்ன்'. பத்திரிகை அத்தனையையும் அகராதி போலப் பெட்டி கட்டி அச்சிட்டது. மறு ஆண்டு 'தி பாஃப்ளர்' இதழில் தாமஸ் ஃப்ராங்க் குட்டை உடைத்தார். அவ்வளவு பெரிய பத்திரிகையில் வந்தும் அந்தச் சொற்கள் பேச்சாகவில்லை. சியாட்டில்காரர்கள் பனியனில் அச்சிட்டுச் சிரித்ததோடு சரி. விளம்பரம் ஒரு சொல்லுக்கு முகவரி தரலாம், பேசும் வாயைத் தர முடியாது.

ஓகேயின் கதை

எல்லாத் தோல்விகளுக்கும் எதிரில் 'ஓகே' நிற்கிறது. 1830களில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடையே வேண்டுமென்றே எழுத்துப்பிழை விட்டு, பின் அதைச் சுருக்கி எழுதும் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் 'ஆல் கரெக்ட்' என்பதைப் பிழையாக எழுதிச் சுருக்கிய 'ஓ.கே.' வந்தது. 'ஆல் ரைட்' என்பதன் பிழைச் சுருக்கமான 'ஓ.டபிள்யூ.'வும் அதே விளையாட்டில் உண்டு. அது போன இடம் தெரியவில்லை. 1840 தேர்தலில் கிண்டர்ஹூக் ஊர்க்காரரான அதிபர் வான் பியூரனுக்கு 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயர் கிடைக்க, ஆதரவாளர்கள் 'ஓ.கே.' சங்கங்கள் தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனார், சொல் வென்றது. 1963–64இல் மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைத் துழாவி இதை நிறுவும் வரை, ஓகேயின் பிறப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறந்த நகைச்சுவை மறந்துபோனதால்தான் அது உலகச் சொல்லானது.

இப்படிப்பட்ட வரலாறுகளை வைத்து மொழி ஆய்வாளர் ஆலன் மெட்காஃப் 2002இல் புதுச்சொல்லின் ஆயுளைக் கணிக்க ஐந்து அளவுகோல்களை முன்வைத்தார். எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு உறுத்தாமல் கலக்கிறது, எத்தனை வகை மக்கள் பேசுகிறார்கள், வேறு வடிவங்களையும் பொருள்களையும் ஈனுகிறதா, குறிக்கும் பொருள் நிலைக்குமா என்பவை அவை. இவற்றில் உறுத்தாமல் கலப்பதற்கு அவர் தனி அழுத்தம் கொடுத்தார். 'நான் புதுச்சொல், என்னைப் பார்' என்று கண்சிமிட்டும் சொல் ஒரு முறை சிரிப்பு வாங்கிவிட்டுச் செத்துவிடும். அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் 1990இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஆண்டுச் சொல் 'புஷ்லிப்ஸ்', அதிபர் புஷ்ஷின் வரி வாக்குறுதியைக் குத்தும் சொல். இன்று அதைச் சொன்னால் விளக்கவுரை வேண்டியிருக்கும்.

மெட்காஃப் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். படித்தவர்களின் வெறுப்பு ஒரு சொல்லைக் கொல்வதில்லை. 1710இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 'மாப்', 'பேன்டர்', 'பம்பூஸில்' போன்றவற்றை மொழியைக் கெடுக்கும் சொற்கள் என்று சாடினார். மூன்றும் நலமாக இருக்கின்றன. அதே ஸ்விஃப்ட் 'கலிவரின் பயணங்கள்' நூலுக்காகச் செய்த 'யாஹூ' முரடனுக்குப் பெயராகி, பின்பு ஓர் இணைய நிறுவனத்துக்கும் பெயரானது.

இணையக் காலம்

இன்றைய நிலை இந்தப் பழைய விதிகளை மாற்றவில்லை, வேகத்தைத்தான் கூட்டியிருக்கிறது. ஹார்மன் காலத்துத் திருடன் காவலனிடமிருந்து சொல்லை ஒளித்தான். டிக்டாக் இளைஞர்கள் தடைசெய்யும் கணினி நிரலிடமிருந்து ஒளிக்க, சாவைச் சொல்லாமல் 'அன்அலைவ்' என்கிறார்கள். மறைக்கச் செய்த சொல் இப்போது நிரல் இல்லாத இடங்களிலும் சாவுக்கான இடக்கரடக்கலாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் 2023இல் 'ரிஸ்' என்பதையும் 2024இல் 'ப்ரெய்ன் ராட்' என்பதையும் ஆண்டுச் சொல்லாக அறிவித்தது. பின்னதை அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854இலேயே 'வால்டன்' நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே அலுத்துப்போன பிள்ளைகள் தோரோவைப் படித்துவிட்டு அதை மீட்கவில்லை. தேவை வந்தது, சொல் மறுபடி முளைத்தது.

பழஞ்சொல் மீட்சியின் மிகப்பெரிய வெற்றியும் இந்த வகைதான். பாலினம் குறிக்காத ஒருவரை 'தே' என்று சொல்வது 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக்குப் பின் இலக்கண நூல்கள் தவறென்று அடித்தாலும் பேச்சில் அது ஓடிக்கொண்டே இருந்தது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அதை ஆண்டுச் சொல்லாக்கியபோது, தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாத மனிதர்களுக்குரிய சொல் என்ற புதுப் பொருளும் சேர்ந்திருந்தது.

மொத்தத்தையும் தொகுத்தால் மூன்று வழிகள் தெரிகின்றன. பெயரில்லாத ஒன்றுக்குப் பெயர் கொடுத்தால் சொல் செய்தவர் நினைத்தபடியே நிலைக்கும். தாம்ஸின் 'ஃபோக்லோர்' அப்படி. ஒரு கூட்டத்தின் அடையாளமாக இருந்தால் கூட்டத்தின் தேவை தீரும்வரை நிற்கும்; பொலாரி அப்படி. வேர் மறந்து, பொருள் நழுவி, பொதுச்சொத்தாகிவிட்டால் அதற்கு அழிவில்லை. ரெய்டும் யாபும் ஓகேயும் அப்படி. சீக்கும் பார்ன்ஸும் இந்த மூன்று வழிகளில் எதிலும் போகவில்லை. பெயருள்ள பொருளுக்கு, எந்தக் கூட்டமும் கேட்காத சொல்லை, பொருள் இம்மியும் நழுவாதபடி கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் சொற்களில் குறையில்லை. பேசுகிறவன் செய்துகொள்ள எந்த வேலையையும் அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. சொல் செய்ய விரும்புகிறவரும் சொல் மீட்க விரும்புகிறவரும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இதுதான்: ஒரு சொல்லை மற்றவர்கள் தப்பாகப் பேசத் தொடங்கும்போது திருத்தப் போகக் கூடாது. அது பிழைத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி.